கத்தரிக்கோல் அட்டை

என் கடைக் கம்ப்யூட்டரில் 'ராணுவம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள்ளே பீரங்கி வண்டி ஒன்று, போர் விமானம் இரண்டு, துப்பாக்கி நாலு, பறக்கிற கொடி ஒன்று. திண்டுக்கல்லில் பதினெட்டு வருஷமாக ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்துக்காரர் யாராவது இறந்துபோனால் இந்த ஃபோல்டரைத்தான் திறப்பேன். நடுவில் ஆள், இடது பக்கம் பீரங்கி, வலது பக்கம் துப்பாக்கி, தலைக்கு மேலே விமானம், கீழே 'வீரவணக்கம்'. அதற்கும் கீழே, மூலையில், சின்ன எழுத்தில் என் கடைப் பெயரும் போன் நம்பரும். செத்தவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களும் சொன்னதில்லை. பட்டாளம் என்றால் துப்பாக்கி, வேறு எதை வைப்பது?

மூலையில் கடைப் பெயர் போடுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, எதை அடித்தாலும் கை தானாகப் போய்ப் போட்டுவிடும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். இதில் யாருக்கும் பெயர் கிடையாது. பழனிப் பக்கத்து ஊர் ஒன்று வரும், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அங்கே ஒரு கொய்யாத் தோப்பு வரும். அது கொய்யா இல்லை, மரத்தை மாற்றி எழுதுகிறேன். அந்த அளவுக்காவது எனக்கு இப்போது புத்தி வந்திருக்கிறது.

எனக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம் உண்டு. நாற்பது வயதுக்கு மேல் வரக்கூடாத பைத்தியம் என்று என் மனைவி சொல்வாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாகவே விளையாடுகிற விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். 'கதவை உடைக்கிறேன்' என்று வாயால் சொன்னால் போதும். உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லிவிடும். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் பழகினேன். இங்கே வந்த பிறகு கூட விளையாட ஆள் சிக்கவில்லை. வெகுநாள் கழித்து இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவர் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த அறிவியல் டீச்சர். இன்னொருவர் மருந்துக் கம்பெனி ரெப், வாரம் முழுக்க பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று பைக்கில் சுற்றுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையும் மத்தியானக் கறிச்சோறும் முடிந்தபின் மூன்று மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம்.

இங்கிலீஷ் விளையாட்டுகள் எங்களுக்கு ஒட்டவில்லை. அரக்கனும் மந்திரவாதியுமாக எத்தனை நாள்தான் ஓட்டுவது? நானே தமிழில் ஒன்று செய்தேன். பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவர்களின் கதை. விளையாட்டு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் கடந்தகாலத்தை உண்டாக்க வேண்டும். அதற்கு ஒரு வேலை அட்டையை எடுக்க வேண்டும். நாலு வருஷம் ஒரு தவணை. தவணைக்கு ஒருமுறை இரண்டு பகடை உருட்டவேண்டும். அட்டையில் இருக்கிற ஆபத்து எண்ணுக்குக் கீழே விழுந்தால் ஆள் அங்கேயே செத்துப்போனான் என்று அர்த்தம். கதை ஆரம்பிக்கும் முன்பே பாத்திரம் காலி, வேறு அட்டை எடுக்கவேண்டியதுதான். ரெப் ஒரே மத்தியானத்தில் மூன்று முறை செத்து எங்களைச் சிரிக்க வைத்திருக்கிறார்.

முதலில் ஆறு அட்டைதான் செய்தேன். ஆறிலும் துப்பாக்கி. சின்னத் துப்பாக்கி, பெரிய துப்பாக்கி, தூரத்துத் துப்பாக்கி. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் பார்த்தார்.

அண்ணன் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பட்டாளத்துக்காரர் என்றால் மீசையும் வாய் ஓயாத கதையுமாக இருப்பார் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. இவரிடம் இரண்டும் இல்லை. கடைக்கு வருவார், டீ குடிப்பார், போவார். அன்றைக்கு அட்டைகளைப் புரட்டிப் பார்த்தவர் கேட்டார்.

"ஏலே, பட்டாளம்னா இம்புட்டுதானா?"

"வேற என்னண்ணே இருக்கு?"

"பதினேழு வருசம் நான் என்ன பண்ணுனேன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. எல்லையில் துப்பாக்கியோடு நின்றார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கல்யாணத்துக்கு நான் அடித்த பேனரிலும் மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு துப்பாக்கியைச் சாத்தி வைத்திருந்தேன். "லாரி ஓட்டுனேன்டா" என்றார் அவர். கூடப் பிறந்தவனுக்கு இது தெரிய அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். சமையல்காரர், துணி வெளுப்பவர், ரேடியோக்காரர், பாலம் போடுகிறவர், கண்ணிவெடி எடுக்கிறவர், கோவேறு கழுதை ஓட்டுகிறவர், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர், கணக்கர், தையல்காரர், முடிவெட்டுகிறவர். "துப்பாக்கி எல்லாருக்கும்தான் சொல்லிக் குடுப்பான். சோறு திங்காம, முடி வெட்டாம, எவன்டா போயி சுடுறது?"

அதிலிருந்து நாலைந்து மாதம் அண்ணன்தான் என் விளையாட்டுக்கு வாத்தியார். எந்த வேலைக்கு என்ன திறமை, என்ன ஆபத்து எண் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். லாரி டிரைவருக்கு நான் ஆபத்து எண் மூன்று போட்டிருந்தேன். "மலைரோட்டுல ராத்திரி லைட்டப் போடாம ஓட்டிப் பாக்குறியா?" என்று ஏழாக மாற்றச் சொன்னார். சிறுமலைக்குப் போகிற கொண்டை ஊசி வளைவில் பகலிலேயே நான் பஸ் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன். மறுபேச்சு பேசாமல் மாற்றினேன். கழுதை ஓட்டுகிறவனுக்கு 'கழுதை நின்றால் தானும் நிற்கத் தெரிதல்' என்று ஒரு திறமையை எழுத வைத்தார். டீச்சர் அதைப் படித்துவிட்டு, "எங்க ஸ்கூல் எச்செம்முக்கு இந்தத் திறமை இல்லண்ணே" என்றார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் பேசாமல் கிடந்த பதினேழு வருஷத்தை அந்த அட்டைகளை வைத்துக்கொண்டு பேசித் தீர்த்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முடிவெட்டுகிறவர் அட்டையை முதன்முதலில் எடுத்தது ரெப்.

"போச்சு. பட்டாளத்துக்குப் போயும் கத்திரிதானா?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு ஒரு சட்டமும் போட்டேன், அந்த அட்டை வந்தால் திருப்பி வைத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம் என்று. அண்ணன் சிரிக்கவில்லை. பாதி குடித்த டீயை வைத்துவிட்டு, "வாரேன்" என்று எழுந்து போனார். வேன் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து கன்னிவாடியில் ஒரு புதுமனை புகுவிழா பேனரைக் கொண்டுபோய்க் கட்டவேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் அண்ணன் துணைக்கு வந்தார், வண்டியையும் அவரே ஓட்டினார். திரும்பி வருகிற வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

அவர் யூனிட்டில் பழனிப் பக்கத்துச் சிப்பாய் ஒருவர் இருந்தார். முடிவெட்டும் குடும்பம். அந்தச் சிப்பாயின் அப்பா முப்பது வயதிலேயே முடிவெட்டும் பெட்டியைக் கீழே வைத்தவர். இனி என் வீட்டில் யாரும் இந்த ஊர்க்காரன் தாடையைத் தொடமாட்டான் என்று சொல்லிவிட்டு, ஒரு கொய்யாத் தோப்பைக் குத்தகைக்குப் பிடித்து அதில் பாடுபட்டு மேலே வந்தவர். ஊர் அதை மறக்கவில்லை. கூப்பிட வேண்டிய பெயர் இருக்கும்போது தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடும். மகன் தினமும் விடியற்காலையில் ரோட்டில் ஓடிப் பழகிப் பட்டாளத்துக்குப் போனார். பொதுச் சிப்பாய் வேலைக்கு மார்க் பற்றவில்லை. முடிவெட்டுகிற வேலைக்கு இடம் இருந்தது. எடுத்துக்கொண்டார். வீட்டில் சொல்லவில்லை. கடைசி லீவில் வந்தபோது அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

மலை உச்சியில் இருக்கிற காவல் முகாம்களுக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நடந்து போய் எல்லோருக்கும் முடிவெட்டிவிட்டு வரவேண்டும். அப்படிப் போன ஒரு நாளில் பனி சரிந்துவிட்டது. நாலாம் நாள்தான் உடலை எடுத்தார்கள். பை தோளிலேயே இருந்ததாம், சீப்பும் கத்தரிக்கோலும் உள்ளேயே இருந்தனவாம்.

"தமிழ் தெரிஞ்சவன் வேணும்னு சவப்பெட்டியோட என்னய அனுப்புனாங்க. மதுர வரைக்கும் பிளேன்ல, அங்கிட்டிருந்து லாரில. நான்தான் பக்கத்துல உக்காந்து வந்தேன். அதுக்கெல்லாம் உன் விளையாட்டுல அட்ட இருக்காடா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஊருக்குள்ள நுழையிற எடத்துல பேனரு கட்டியிருந்துச்சு. ஏரோபிளேன், பீரங்கி எல்லாம் இருந்துச்சு. மூலைல உன் கடைப் பேரு."

எனக்கு ஞாபகம் வந்தது. பழனியில் மெஷின் ரிப்பேர் என்று நாலு இளவட்டங்கள் மத்தியானத்தில் வந்து அவசரமாக அடித்து வாங்கிப்போன பேனர் அது. என் அண்ணன் கொண்டுவந்த பெட்டிக்கு நான் பேனர் அடித்திருக்கிறேன். எனக்குத்தான் அது தெரியாது.

சடங்கெல்லாம் முடிந்தபின் அந்த அப்பா அண்ணனைத் தோப்பு மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூட்டிப்போனாராம். அவர் அழவில்லையாம். 'ஏனுங்க, அவன் அங்க என்ன வேலை பாத்தான்னு எனக்குத் தெரியுமுங்க. ஊருக்குத் தெரிய வேண்டாமுங்க. துப்பாக்கி புடிச்சான்னே இருக்கட்டுமுங்க' என்று சொல்லிக் கையை நீட்டினாராம். அண்ணன் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அன்றைக்கு ஊரில் ஐந்து பேர், பையன் எத்தனை பேரைச் சுட்டான் என்று கேட்டிருக்கிறார்கள். ஐந்து பேரிடமும் அண்ணன் பொய் சொன்னார்.

"உன்கிட்டச் சொன்னதே தப்பு. நீங்க சிரிச்சீங்க, அதான் தாங்கல. வெளிய விட்டுராத அப்பு."

"சே, என்னண்ணே நீ" என்றேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அட்டையில் எழுதினேன்.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் அது தேவைப்படாவிட்டாலும். சிரித்தது என்னை உறுத்தியது. இனி அந்த அட்டையை எடுக்கிற யாரும் சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். அது இப்படி இருந்தது:

'முடிதிருத்துநர். ஆபத்து எண் எட்டு. மற்றவர்களுக்கு ஒரு முகாம்தான், நீ எல்லா முகாமுக்கும் நடப்பாய். திறமை: பனியில் நடத்தல், விறைத்த விரலால் வேலை செய்தல், ஊர்க்கதை பேசி மற்றவரைத் தேற்றுதல். நினைவு: நீ கொய்யாத் தோப்புக்காரர் மகன். உன் அப்பா ஊரில் கீழே வைத்த பெட்டியை நீ பனிமலையில் தூக்கினாய். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.'

கடைசி இரண்டு வரியை எழுதியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பாழாய்ப்போன எழுத்தாசை. அந்தத் தோப்பை எடுத்துவிட்டிருக்கலாம். எடுக்க மனம் வரவில்லை, அது இருந்தால்தான் ஆள் கண்முன்னால் வந்து நின்றான். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை, அப்புறம் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனியில் செத்த பட்டாளத்துக்காரர், கொய்யாத் தோப்புக்காரர் மகன், அந்தப் பக்கம் எத்தனை பேர் இருப்பார்கள்? பத்து பேர் இருந்தால் தப்பித்திருப்பேன். ஒருவர்தான்.

கல்யாணப் பத்திரிகை அடித்து மிஞ்சிய அட்டையில் பன்னிரண்டு செட் அடித்தேன். பின்பக்க மூலையில் கடைப் பெயரும் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு கல்யாண சவாரிக்குப் போயிருந்தார். டீச்சருக்கு அந்த அட்டை வந்தது. உரக்கப் படித்தவர் பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பகடையை உருட்டினார். முதல் தவணையில் பிழைத்தார், இரண்டாம் தவணையில் ஐந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. "இந்தத் திருப்பி வைக்கிற சட்டம் வேண்டாம் சார், எடுத்துருங்க" என்று ரெப்பே சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தேன். பழனியில் தன் கூட்டாளிகளோடு விளையாட வேண்டும் என்று ரெப் ஒரு செட் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை அண்ணன் கடைக்கு வந்து அந்த அட்டையைப் பார்த்தார். படித்து முடித்துத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"எத்தன அடிச்ச?"

"பன்னண்டு செட்டு."

"எடுத்துரு."

"அண்ணே, பேரு எதுவும் போடலயே. அவர மட்டமா எதுவும் எழுதலயே. படிச்சுப் பாரு, டீச்சரே கலங்கிப்போயிட்டாங்க."

"எடுத்துருன்னேன்."

அவர் முன்னாலேயே பதினோரு அட்டையைக் கிழித்தேன். பன்னிரண்டாவது ரெப்பிடம் இருந்தது. போன் செய்தேன். "ஞாயித்துக்கெழம கொண்டாறேன் சார்" என்றார். இப்போதே வேண்டும், எங்கே இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். திண்டுக்கல்லிலிருந்து பழனி என்ன, அமெரிக்காவா? அன்றைக்கு முகூர்த்த ஆர்டர் குவிந்து கிடந்தது, சோம்பலாகவும் இருந்தது. மாலையில் அண்ணன் போனில் கேட்டபோது, "எல்லாத்தையும் எடுத்துட்டேண்ணே" என்று சொன்னேன். அது பொய்.

வெள்ளிக்கிழமை ரெப் பழனியில் ஒரு ரூமில் கூட்டாளிகளோடு விளையாடினார். அதில் ஒருவன் அந்த ஊர்க்காரன். அட்டையைப் படித்ததும், "இது எங்கூரு பையன்ல" என்றானாம். அதைப் போனில் படம் பிடித்து ஊர்க்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, அட்டையையும் கையோடு எடுத்துப் போய்விட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் போடவில்லை என்று ரெப் சத்தியம் செய்தார். இருக்கலாம். நானும்தான் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை.

அந்தக் குழுவில் முதலில் வந்த பதில் என்ன தெரியுமா? பட்டாளத்துக்குப் போயும் கத்திரிதானா. ரெப் என் மேசையில் சொன்ன அதே வார்த்தை. நான் அதிகமாகச் சிரித்த அதே வார்த்தை. அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டே இருந்தனவாம். மறுநாள் டீக்கடையில் ஒரு ஆள் அந்த அப்பாவைப் பார்த்து, "நமக்கெல்லாம் கைய விரிச்சுப்போட்டு, ஊரு ஊராப் போயி வெட்டுனானாக்கும் உம்பையன்" என்று கேட்டிருக்கிறான். மூன்று வருஷம் முன்னால் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவனும் அவன்தானாம்.

அந்த அப்பா அண்ணனுக்குப் போன் செய்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'ஏனுங்க, நீங்க சொன்னீங்களா?' அண்ணனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவர் போனை வைத்துவிட்டார். இதை அண்ணன் கடை வாசலில் நின்றபடி என்னிடம் சொன்னார். உள்ளே வரவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்னியே."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"அவரு கையில அடிச்சுச் சொன்னேன்லே. இந்தக் கையாலதான்டா."

கையை என் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஊருக்கே போய் அந்த அப்பா காலில் விழுகிறேன் என்று மறுநாள் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். போனால் இன்னும் நாறும், சும்மா இரு என்று பதில் வந்தது. விளையாட்டை மூட்டை கட்டினேன். டீச்சர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார், கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அண்ணன் அதன்பிறகு கடைப் பக்கம் வரவில்லை. கோயிலில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அறுபது வயதுக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, முகத்தில் இரண்டு நாள் நரைத்தாடி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பன்னிரண்டாவது அட்டை.

"ஏனுங்க, இது நீங்க அடிச்சதுங்களா?"

பின்பக்கம் கடைப் பெயர் இருந்தது. ஆமாம் என்றேன். மன்னிச்சிருங்க என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவர் நான் நிறுத்துகிறவரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தார். நான் எழுதியது அவருக்கு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு ஆசை இருந்தது. இதைவிடக் கேவலமான ஆசையை நான் பட்டதில்லை.

"ஒரு பேனர் வேணுமுங்க. மூணாம் வருச நினைவுநாள் வருதுங்க. போன ரெண்டு வருசமும் பழசையே கட்டினோமுங்க. இப்ப அதுல எவனோ கரியில கத்திரி வரைஞ்சு வச்சுட்டானுங்க."

அவர் தன் போனை நீட்டினார். மகன் மலையிலிருந்து அனுப்பிய படமாம். பாஸ்போர்ட் படத்தைத் தவிர அவரிடம் இருக்கிற நல்ல படம் இது ஒன்றுதான், முழு உருவமாகச் சிரித்துக்கொண்டு இருப்பதும் இது ஒன்றுதான். கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தேன். பின்னால் வெள்ளையாக மலை. முகாம் வாசலில் ஒரு நாற்காலி. அதில் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி போர்த்திய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அந்தச் சிப்பாய், வலது கையில் கத்தரிக்கோல், இடது கையில் சீப்பு, வாயெல்லாம் பல். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அது என் அண்ணன்.

"எப்படி வைக்கட்டுமுங்க?" என்று கேட்டேன். என் வாயில் ஒருநாளும் வராத அந்த 'ங்க' அன்று வந்தது.

"கத்திரிய எடுத்துட்டு, கையில துப்பாக்கி வச்சிருங்க. போன தடவ வச்சதைவிடப் பெருசா வையுங்க."

பிறகு திரையில் விரலை வைத்தார். "இவரையும் எடுத்துருங்க."

அவருக்கு அண்ணனைத் தெரியும். பெட்டியோடு வந்தவர், தன் கையில் அடித்துச் சொன்னவர். நான் அவருடைய தம்பி என்று இந்தப் பெரியவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவில்லை. அண்ணனை எடுத்தேன். முதலில் முகம், பிறகு கழுத்துத் துணி, பிறகு நாற்காலி. அந்த இடத்தில் பனியை இழுத்து நிரப்பினேன். அண்ணன் அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அந்தப் படத்திலும், கழுதை அட்டையை டீச்சர் படித்த அன்றும்தான்.

அடுத்தது கத்தரிக்கோல். அதைத் தனியாக எடுக்க முடியவில்லை. கட்டை விரலும் மோதிர விரலும் வளையத்துக்குள் இருந்தன. அந்தப் பிடியில் எந்தத் துப்பாக்கியும் பொருந்தவில்லை. ஃபோல்டரில் இருந்த நாலையும் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கையை விட்டு விலகி நின்றது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரிடம் திரும்பாமலே சொன்னேன்.

"கையை எடுத்துட்டு வேற கை வைக்கணுமுங்க."

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எடுத்துருங்க" என்றார்.

முழங்கைக்குக் கீழே இரண்டையும் வெட்டினேன். வேறு யாரோ ஒருவனுடைய கைகளை, துப்பாக்கியோடு சேர்த்து, கொண்டுவந்து ஒட்டினேன். நிறம் ஒத்துவரவில்லை, கொஞ்சம் கறுக்க வைத்தேன். அவர் கிட்டத்தில் குனிந்து, மகன் முகத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கைக்கு என்று பார்த்துக்கொண்டே வந்தார். கையில் அவர் கண் வெகுநேரம் நின்றது. பிறகு தலையாட்டினார்.

"கீழ என்ன போடட்டுமுங்க?"

"சிப்பாய்னு போடுங்க. போதுமுங்க."

போட்டேன். பழக்க தோஷத்தில் என் கை மூலைக்குப் போய்விட்டது. கடைப் பெயர் விழுந்ததும் அவர் அதைப் படித்தார்.

"அது வேண்டாமுங்க" என்றார்.

அதையும் எடுத்தேன். அடித்துச் சுருட்டிக் கொடுத்தேன். அவர் அட்டையை மறக்காமல் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். பைக்கில் கொண்டுவந்து விடுகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். பதினெட்டு வருஷத்தில் கடைப் பெயர் இல்லாமல் என் மெஷினிலிருந்து வெளியே போன பேனர் அது ஒன்றுதான்.